அமைச்சருக்குத் தெரிந்த பெண்

அமீர்பேட்
2 டிசம்பர் 2024

அன்புள்ள ரஞ்சனுக்கு,

ப்ரியம்வதா எழுதுகிறேன். உங்கள் எண்ணை என் போனில் முடக்கிவைத்திருப்பதால் கடிதம்.

ஹாஸ்டலில் டிவி பார்த்தபடிதான் சாப்பிடுவோம். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பிரசாரத்தைத் தொடங்கிவைத்து அமைச்சர் பேசினார். “இதே ஊரில் எனக்கு ஒரு பெண்ணைத் தெரியும். சாம்பாரில் உப்பில்லை என்று அவள் உள்ளங்கையை, விசில் அடிக்கும்வரை குக்கர் மூடியில் அழுத்திப் பிடித்தான் அவள் கணவன்” என்றார். பக்கத்திலிருந்த சபீனா தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள். நான் வலது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

அமைச்சருக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பது நீங்கள். நானேதான் கவனமில்லாமல் என் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று போன மாதம் என் கேஸில் கோர்ட்டுக்குப் பிரமாணப் பத்திரம் கொடுத்ததும் நீங்கள். நல்ல எழுத்து, உப்பைக்கூட விடவில்லை.

பிரசாரத்தில் உண்மைச் சம்பவம் சொன்னால், அந்தப் பெண்ணின் சம்மதக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும் என்பது உங்கள் துறையின் விதி. அதன் நகலைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டிய தகவல் அலுவலரும் நீங்களே. கல்யாணமானதிலிருந்து நான் கேட்ட எதற்கும் நீங்கள் பதில் சொன்னதில்லை. இதற்கு முப்பது நாளில் சொல்லியாக வேண்டும்.

ப்ரியம்வதா

பேகம்பேட்
7 டிசம்பர் 2024

என் அன்பு ப்ரியா,

உன் கையெழுத்தைப் பார்த்ததுமே கண் கலங்கிவிட்டது. குளிர் ஆரம்பித்துவிட்டதே, ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா? ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாதே என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

அலுவலக விஷயத்தை வீட்டுக் கடிதத்தில் எழுதக் கூடாது, உனக்கே தெரியும். மனுவை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள். புருஷனை முச்சந்தியில் நிறுத்தி என்ன காணப்போகிறாய்?

அத்தையைப் பார்க்கப் பாலாநகர் போயிருந்தேன். மாமா போனபிறகு அந்த வீட்டில் ஒற்றை ஆளாகக் கஷ்டப்படுகிறார்கள். “ப்ரியாவை எப்ப கூட்டிட்டுப் போவீங்க மாப்ளே?” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். உனக்குத்தான் கல்மனசு.

என்றும் உன்,
ரஞ்சன்

அமீர்பேட்
12 டிசம்பர் 2024

ரஞ்சனுக்கு,

ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன். மனுவை வாபஸ் வாங்க மாட்டேன்.

சம்மதக் கடிதம் இல்லை என்று எழுதினால் அமைச்சர் மேடையில் பொய் சொன்னவராவார், உங்கள் வேலை போகும். அந்தப் பெண் நான்தான் என்று எழுதினால் கோர்ட்டில் உங்கள் கேஸ் தோற்கும். கோர்ட்டுக்கு ஒரு கதை, மேடைக்கு ஒரு கதை எழுதியவர் நீங்கள். நான் கேட்பது ஒன்றுதான். நான் பொய் சொல்லவில்லை என்று உங்கள் கையெழுத்தில் ஒரு வரி.

அப்பா இருந்திருந்தால் இதையும் கேட்டிருக்க மாட்டேன். கைக்கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “நீ அங்க திரும்பிப் போவேணாம்மா” என்றவர் அவர் ஒருவர்தான். அம்மாகூட, கொஞ்சம் அனுசரித்துப் போ என்றுதான் சொன்னாள். அவளை இதில் இழுக்காதீர்கள்.

ப்ரியம்வதா

பேகம்பேட்
30 டிசம்பர் 2024

என் அன்பு ப்ரியா,

நீ கேட்டதை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். கவரைப் பிரித்து நீ தனியாக அதிர்ச்சியடையக் கூடாது என்பதால் நானே முந்திச் சொல்கிறேன்.

சம்மதக் கடிதம் கோப்பில் இருக்கிறது. கொடுத்தவர் திருமதி விஜயகுமாரி, பாலாநகர். உன் அம்மா. கல்யாணமான புதிதில் அவருக்கு நடந்த கொடுமையாம். செய்தவர், காலஞ்சென்ற கணவர் சௌந்தரராஜன் என்று எழுதியிருக்கிறார். மாமாவை எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்திருந்தேன்!

வெளிப்படைத்தன்மைதான் இந்தப் பிரசாரத்தின் உயிர் என்பார் அமைச்சர். அதனால் பதிலை இணையதளத்திலும் ஏற்றிவிட்டோம். பெயரை மறைக்கட்டுமா என்று கேட்டேன், அத்தை வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்த விழாவில் அமைச்சர் அவருக்குச் சால்வை போர்த்தப்போகிறார். நீயும் வா, முன்வரிசையில் இடம் போட்டுவைக்கிறேன்.

புத்தாண்டு வாழ்த்துகளுடன்,
உன் ரஞ்சன்

அமீர்பேட்
8 ஜனவரி 2025

ரஞ்சனுக்கு,

பாலாநகர் போனேன். அம்மா அப்பாவின் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். “அப்பா உன்னை ஒரு வார்த்தை அதட்டியிருப்பாராம்மா?” என்று கேட்டேன்.

“அவரு தங்கம்டீ” என்றாள். “பர்வாலேது, பரவாயில்லடீ, அவரு போய்ச் சேர்ந்துட்டாரு, அவருக்கு இனி என்ன வலிக்கப் போவுது? நீ வாழணுமே. மாப்ளே சொல்லச் சொல்ல எழுதுனேன். உன்னைக் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கறேன்னு இந்தப் படத்து மேலதான் சத்தியம் பண்ணாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெண்ணுக்கு நல்ல இடம் முடித்துவிட்ட சிரிப்பு. எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. உங்களைக்கூட நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

உங்கள் பதிலை எதிர்த்து மேல்முறையீடு போட்டுவிட்டேன். கோர்ட்டிலும் அம்மாவைச் சாட்சியாக அழைக்கக் கேட்டிருக்கிறேன். எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டால் அவள்மீதே வழக்கு வரலாம், வயதானவள், யோசியுங்கள் என்றார் என் வக்கீல். வரட்டும் என்றேன். அப்பாவை இப்படி விட்டுவைக்க என்னால் முடியாது. அம்மாவை விட்டுக்கொடுக்க முடிகிறது.

சம்மன் வந்ததும் நீங்களே அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டி வாருங்கள். நான் கூப்பிட்டால் வரமாட்டாள். அவள் இன்னும் மாப்பிள்ளையைத்தான் நம்புகிறாள்.

ப்ரியம்வதா