நானா என்கிறவன்

ராஜபாளையம்,
ஞாயிறு, கோயில் விட்டு வந்து.

அன்புள்ள ஷெரின் அப்பாவுக்கு,

தங்கபாய் எழுதுகிறேன். இங்கே இரண்டு பேருக்கும் உடம்புக்குச் சுகம். என் மனசுக்குத்தான் சுகமில்லை. போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் மகளின் காது அடுப்படி வரைக்கும் வரும். வாட்ஸப்பில் எழுதினால் நான் அனுப்புமுன்னே அவள் வாசித்துவிடுவாள். அதனால்தான் லீவு முடிந்து உங்கள் எத்தியோப்பியா மில்லுக்குத் திரும்புகிற வினோத் தம்பியிடம் ஊறுகாய் பாட்டிலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்த பிள்ளை, பன்னிரண்டில் பார்டரில் நிற்கிறாள். கெமிஸ்ட்ரி மிஸ் என்னைக் கூப்பிட்டு விடைத்தாளைக் காட்டினார்கள். எழுதின வரைக்கும் ஒரு தப்பு இல்லை. பாஸ் மார்க்குக்கு எழுதிவிட்டு மீதியை வெள்ளையாக விட்டிருக்கிறாள். கஷ்டமான கேள்விக்குப் பதில் எழுதியவள் சுலபமானதைத் தொடவே இல்லை. தெரியாமல் விடவில்லை, வேண்டுமென்றே விடுகிறாள் என்று மிஸ் சொன்னார்கள். வீட்டில் கேட்டால், "படிக்கத் தோணல, விடும்மா" என்கிறாள். அம்புட்டுத்தான் பதில். கொழுப்பைப் பாருங்கள்!

எனக்கு அன்றைக்கே பொறி தட்டிவிட்டது. வயசுப் பிள்ளைக்குப் படிக்கத் தோன்றவில்லை என்றால் வேறென்னவோ தோன்றுகிறது என்றுதானே அர்த்தம்? அடுத்த வீட்டுச் சீனியம்மாள் அக்கா மகள் காளீஸ்வரியும் இவளும் ஒரே வகுப்பு. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கூடவே திரிந்து இவளும் பழகிவிட்டாள். நான் உள்ளே நுழைந்தால் போதும், இரண்டும் தெலுங்குக்குத் தாவிவிடும். நாசரேத்தில் பிறந்த எனக்கு அது எங்கே விளங்கும்? ஆனால் ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. நானா. ஒரு நாள், "மார்க்கு தக்கிதே நானா ஒச்சேஸ்தாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே! எவனோ ஒருத்தன்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கேட்டதை அப்படியே மனசில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ட்யூஷன் போனவள் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் போனேன். பால்கோவா கடை ஓரமாக முக்காடு போட்டு நின்றேன். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் ஒன்று பையன்களோடு வந்து நின்றது. இவன்தான் நானாவோ, அவன்தான் நானாவோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உங்கள் மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காளீஸ்வரியோடு பால்கோவாவைப் பங்குபோட்டுத் தின்றுவிட்டு ட்யூஷனுக்குப் போய்விட்டாள். அப்படி நிமிராமல் போனதே எனக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "ஏட்டி, யாரு அந்த நானா?" என்றேன். முழித்தாள், சிரித்தாள், சட்டென்று முகம் மாறி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நேரே சீனியம்மாள் அக்காவிடம் போய், உங்கள் பிள்ளைதான் நடுவில் நிற்கிறாள், அவன் எந்தத் தெருக்காரன் என்று சொல்லச் சொல்லுங்கள் என்று சண்டைக்கே நின்றேன். காதில் விழுந்ததைச் சொல்லியும் காட்டினேன்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அட கிறுக்கி, அது நானா இல்ல, நான்னா. எங்க பாஷையில அப்பா. மார்க்கு கொறஞ்சா அப்பா வந்துருவாருன்னு ஒம்மவ சொல்லிருக்கா" என்றார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்பு மார்க்கு வந்த அன்றைக்கு வீடியோ காலில் நீங்கள் அவளிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "நீ டாக்டராயி முடிக்கிற மட்டும் அப்பா இங்கனதான் கெடப்பேன், நீ படிட்டி" என்றீர்கள். நான் பெருமையாகக் கேசரி கிண்டினேன். அவள் தொடவில்லை. தித்திப்பு ஜாஸ்தியோ என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எம்புட்டு மார்க்கு வாங்குகிறாளோ அம்புட்டுக்கு அப்பா தள்ளிப் போகிறார் என்று பிள்ளை அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை. அந்த மார்க்கைப் பார்த்துவிட்டு நீங்கள் வந்தால், குறைந்ததால்தான் வந்தீர்கள் என்று நினைப்பாள். உங்களைத் திரும்பப் போகவிடாமல் இருக்கப் பப்ளிக்கிலும் வெள்ளைத்தாள் கொடுத்துவிட்டு வருவாள். வராமலே இருந்தாலோ இன்னும் குறைப்பாள். ஆகவே பரீட்சைக்கு முன்னால் வந்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு வந்தேன், மார்க்குக்கு வந்தேன் என்று காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். மில்லில் லீவு தர மாட்டேன் என்கிறார்கள் என்று போன வருஷம் சொன்னீர்கள். வினோத் தம்பிக்கு மட்டும் எப்படித் தந்தார்கள்? நீங்கள் கேட்கவே இல்லையோ என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம்.

உங்கள் போக்கைக் காத்த ஆண்டவர் வரத்தையும் சீக்கிரம் காக்கட்டும். இத்தனையும் ஷெரினுக்காக மட்டும்தான் எழுதினாளா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால், வரட்டும்.

உங்கள்,
தங்கபாய்