ஒருத்தருமில்லை என்கிற பாடம்

வாலிநோக்கம்

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் பேசினால் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் லீவு முடிந்து துபாய் திரும்பும் சதக் தம்பியிடம் இந்தக் கடிதம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, சிரிக்காமல் படியுங்கள்.

உங்கள் மகள் மகேஸ்வரி இங்கிலீஷில் பொளந்து கட்டுகிறாள். அங்கே வீட்டுவேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் தினமும் போனில் பாடம் நடத்துகிறார். கேள்வியின் கடைசியில் வித், டூ, ஃபார் என்று பொருத்தமான குட்டிச் சொல் ஒட்ட வேண்டுமாம். நானும் உப்பளத்தில் எல்லோரையும் கேட்டுத் திரிகிறேன்: "ஹூ டூ யூ லிவ் வித்?"

யாருடன் இருக்கிறாய், யாரிடம் பேசுவாய், யார் உன்னைத் தேடுவார்கள்? எல்லாவற்றுக்கும் அவர் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்றுதான்: "நோ ஒன்." ஒருத்தருமில்லை.

"ஏன்டி, நானும் அய்யாவும் செத்தா போனோம்?" என்றேன்.

"சும்மா இரும்மா. அய்யா அங்கன இருக்காருன்னு தெரிஞ்சா வேலை கெடைக்காதாம்."

அவள் பாஸ்போர்ட்டும் ஏஜென்ட்டிடம்தான். எந்த வீடு என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார். போகாதே என்றால் இவள் சோறு தின்ன மறுக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை அங்கே வந்து இறங்குகிறாள். ஏர்போர்ட் வாசலில் நில்லுங்கள். தெரியாத ஆளைப் போல உங்களைக் கடந்து போனாலும், ரோஷப்படாமல் பேரைச் சொல்லிக் கத்துங்கள்.

உங்கள் வாயாடி