சாவியில்லாத கிடங்கும் மாஸ்டரின் இரண்டு கைகளும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகளும் இங்கே ஒருவருக்கொருவர் துணையாகச் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் உம் கொட்டியதோடு சரி, காரணம் நீ சொன்ன அந்த வார்த்தைதான். "விட்டுடும்மா, பள்ளிக்கூடத்தைப் பகைச்சுக்காதே" என்றாய். நான் விடவில்லை. எப்படி விடவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பி.டி. மாஸ்டர் உன் மகளை ஓடவிட்டதும், அரை ரவுண்டில் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை "நடிக்கிறா பாரு, சோத்து மூட்டை" என்று சொல்லி இன்னும் ஐந்து ரவுண்டு ஓடு என்றதும், வகுப்புப் பிள்ளைகளை விட்டு ரவுண்டைச் சத்தமாக எண்ணச் சொன்னதும் உனக்குத் தெரியும். மறுநாள் பால் விடாத காப்பி நிறத்தில் சிறுநீர் போய், நாலு நாள் ஆஸ்பத்திரியில் அவள் கையில் ஊசி குத்திக் கிடந்ததும் தெரியும். உனக்குத் தெரியாதது போன வாரம் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டரம்மா சொன்னது. எனக்குப் புரியாது என்று உன் மகளைப் பார்த்தே பேச ஆரம்பித்தார், நான் குறுக்கே புகுந்து, லாண்டரியில் இருபத்தாறு வருஷம் பாய்லர் பார்த்தவள் நான், எதை எரித்தால் எது ஓடும் என்று எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லுங்கள் என்றேன். அப்புறம் என்னைப் பார்த்தேதான் பேசினார். நாம் சாப்பிடுவது வயிற்றோடு நிற்பதில்லையாம், சர்க்கரையாகிக் கடைசியில் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் போகிறதாம். இழுக்கிற மூச்சும் நெஞ்சோடு நிற்காமல் ரத்தத்தில் ஏறி அங்கேதான் போகிறதாம். செல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அடுப்புகள், அதில் சர்க்கரையும் மூச்சுக்காற்றும் சேர்ந்து, தீ இல்லாமல் புகை இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது. மிஞ்சுவது தண்ணீரும் நாம் வெளியே விடுகிற காற்றும்தான். கிடைத்த சக்தியைச் செல் குட்டிக் குட்டி பேட்டரியில் ஏற்றி வைக்கிற மாதிரி வைக்கிறது, கை தூக்கினாலும் கண் சிமிட்டினாலும் அதுதான் செலவாகிறது, உடனே மறுபடி ஏற்ற வேண்டும். திடீரென்று ஓடு என்றால் அவசரத்துக்கு எடுக்கத் தசைக்குள்ளேயே ஒரு கிடங்கில் சர்க்கரை அடுக்கி வைத்திருக்கிறதாம். நம் பிள்ளைக்குக் கிடங்கு நிறையச் சரக்கு இருக்கிறது, பூட்டுக்குச் சாவி இல்லை. பிறக்கும்போதே இல்லை. மெதுவாகப் பத்து நிமிஷம் நடந்தால் ரத்தம் வேறு இடத்திலிருந்து எரிபொருள் கொண்டு வந்துவிடும், அப்புறம் நன்றாக நடப்பாள். எடுத்த எடுப்பில் விரட்டினால் தசையே சிதைந்து, அன்றைக்குப் போல சிறுநீரில் காப்பி நிறமாகப் போகும். பாய்லரில் கரி இல்லாமல் ஆவி கொடு என்று எந்தச் சூப்பர்வைசராவது கேட்பானா, கேட்டால் நான் சும்மா விட்டிருப்பேனா?

இந்தக் கோளாறு அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி வந்தால்தான் வருமாம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உன் மாமியாருக்குப் போன் போட்டு, "உங்க வம்சத்துக் கோளாறு"ன்னு ஆறு மாசமாச் சொன்னீங்களே சம்பந்தி, பாதி உங்களுடையதாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதற்கு நீ கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொள்.

அந்த வலி எப்படி இருக்கும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, நிறுத்தாமல் விரலை மூடித் திறக்கச் சொன்னார். மேலே ரத்தம் சரியாக ஏறாது, மூச்சுக்காற்று போதாமல் சர்க்கரை பாதி எரிந்தும் எரியாமலும் காந்தும், காரணம் வேறு, வேதனை கிட்டத்தட்ட இதுதான், அவளுக்கு நாலே எட்டில் வந்துவிடும் என்றார். அறுபது எண்ணுவதற்குள் எனக்கு முழங்கை வரைக்கும் நெருப்பு. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, உன் மகளையும் கூட்டிக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைமை ஆசிரியை "என்ன செய்யணும்னு எதிர்பார்க்கிறீங்கம்மா" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஒன்றும் வேண்டாம், டாக்டர் எழுதிக் கொடுத்த இந்த ஒரு பக்கத்தை நான் வாசித்து முடிக்கிற வரைக்கும் மாஸ்டர் கையைத் தூக்கி விரலை மூடித் திறக்கட்டும், ஐந்து ரவுண்டு ஓடச் சொல்லவில்லை என்றேன். அவன் நெஞ்சை நிமிர்த்திச் சிரித்து, "இவ்வளவுதானா பாட்டி" என்றான். நானும் சிரித்தேன். எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்புதான் தம்பி, வேகமா வாசிக்க வராது, பொறுத்துக்கோங்க என்று சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, எழுத்து எழுத்தாக ஆரம்பித்தேன். 'நோயாளி' என்ற ஒரு வார்த்தைக்கே எவ்வளவு நேரம் எடுத்தேன் தெரியுமா, நடுவில் இடம் தவறிவிட்டது என்று மறுபடி முதலிலிருந்து வேறு. மூன்றாவது வரியில் அவன் சிரிப்பு நின்றது. ஐந்தாவது வரியில் கை நடுங்கியது. ஏழில் தொப்பென்று கீழே போட்டுவிட்டு "முடியல" என்றான். "ஏன் மாஸ்டர், நடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தான், எனக்கு எதற்கு, எந்த வகுப்பை எண்ணச் சொன்னாயோ அந்த வகுப்பு முன்னால் அவளிடம் கேள் என்றேன். திங்கட்கிழமை கேட்டிருக்கிறான். நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

கூட்டம் முடிந்து வரும்போது உன் மகள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். நம் வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினாள். கதவைத் திறந்து உள்ளே வந்ததும், "நீங்களும்தான் சொன்னீங்க பாட்டி" என்றாள். சொல்லியிருக்கிறேன். போன வருஷம் இதே படியில் அவள் நின்றபோது, கிழவி நானே ஏறுகிறேன் உனக்கென்னடி சோம்பல் என்று சொல்லி, தண்ணீர் கேனை வேறு தூக்க வைத்தேன். "கையைத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். செய்தித்தாளை ஒரே மூச்சில் வாசிக்கிற பிள்ளை, டாக்டரம்மாவின் அந்தக் கடிதத்தை எழுத்து எழுத்தாக வாசித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, இறக்கத்தான் என் வீம்பு விடவில்லை. முடிந்தபின் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் அவள்தான் எடுத்து என் வாயில் ஊற்றினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "அம்மா எப்ப வருவாங்க" என்று கேட்டாள். ஏக்கம் என்று நினைத்துத் தலையைத் தடவினேன். "போன்ல அவங்களும் எனக்குக் கொழுப்புன்னு சொன்னாங்கல்ல" என்றாள்.

நீ தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். லீவு கிடைக்கிற தேதியை உடனே எழுது, அவள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். வரும்போது கனமான வளையல் எதுவும் போட்டுக்கொண்டு வராதே.

கை வலியோடு எழுதும்
உன் அம்மா