வீதி திறக்கும் வரை

ஜனவரி 12, திங்கள்
அபிஷன் விடிய முன்னரே வின்னிபெக்குக்கு லோட் கொண்டு புறப்பட்டுவிட்டார். மாமி நேற்று முழுக்க அடுப்படியில் நின்று மீன் குழம்பும் புட்டும் செய்து டப்பா டப்பாவாக அடைத்துக் கொடுத்தார். "கடைச் சாப்பாடு அவனுக்குச் செமிக்காது, கௌசி." மகனுக்கு முப்பத்தெட்டு வயது! மகள் நிவேதிதாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நானும் மாமியும் மிச்சக் குழம்பைச் சாப்பிட்டோம்.

ஜனவரி 13, செவ்வாய்
வழியில் வாவா என்கிற ஊருக்குக் கிட்டப் பனிப்புயலாம். ஹைவேயை மூடிவிட்டார்கள். இவரும் இன்னும் நாலு ட்ரக்குகளும் பூட்டிக் கிடக்கிற ஒரு பெற்றோல் நிலையத்து வளவுக்குள் நிற்கிறார்கள். அங்கே கரண்டும் இல்லை. டீசல் கால் டாங்க்தான். மணிக்கு இருபது நிமிடம் மட்டும் எஞ்சினைப் போட்டு உள்ளே சூடாக்குகிறாராம்.

"புகைக்குழாயைப் பனி மூடவிடாதேங்கோ" என்றேன்.

"எனக்கே படிப்பிக்கிறியோ?" என்று சிரித்தார். மாமி போனைப் பறித்து, "ரெண்டு சொக்ஸ் போட்டனியோடா?" என்றார்.

ஜனவரி 14, புதன்
மாமி போய்விட்டார்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி கேட்டார். கொண்டுபோனபோது கதிரையில் சரிந்து கிடந்தார். அம்புலன்ஸ் கெதியாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "நீங்கள் மகளா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

எப்படிச் சொல்லுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவர் போன் எடுத்தார். காலையில் ஒரு டிரைவர் தடுப்பைத் தாண்டிப் போய்ப் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டானாம். தேடிக் கண்டுபிடிக்க மூன்று மணித்தியாலமாம். பிறகு, "அம்மா என்ன செய்யிறா?"

"படுத்திருக்கிறா."

என் வாய்தான் சொன்னது. எனக்கு இவரைத் தெரியும். தாய் என்றால் தடுப்பும் பொலிசும் பனியும் இவருக்கு ஒரு பொருட்டா?

மாமாவின் தம்பி தியாகலிங்கம் வந்தார். "கொள்ளி வைக்கிறவனுக்குச் சொல்லாமல் விடலாமோ பிள்ளை?"

"வீதி திறக்கட்டும், சின்ன மாமா."

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு நடாஷா, நிவேதிதாவுக்குச் சூப் கொண்டுவந்து தந்தாள்.

ஜனவரி 15, வியாழன்
வீதி திறக்கவில்லை. அங்கே மைனஸ் முப்பத்தொன்று. பக்கத்து ட்ரக்கில் டீசல் முடிந்து, றோய் என்கிற டிரைவர் இவருடைய ட்ரக்குக்குள் வந்துவிட்டாராம். ஒரே போர்வைக்குள் இரண்டு ஆம்பிளைகள்.

"றோய் அம்மாவின்ரை குழம்பை விரலை நக்கி நக்கிச் சாப்பிடுறான். அம்மாட்டைச் சொல்லு. கடைசி டப்பா கிடக்கு, நாளைக்கு வைக்கட்டோ?"

தாய் செத்து ஒரு நாள். சைவமாக இருக்கவேண்டிய மகன் மச்சம் சாப்பிடுகிறான். சாப்பிடாதேங்கோ என்று நான் எப்படிச் சொல்ல? வேறு என்ன இருக்கிறது அவருக்கு? வெறும் வயிற்றோடு அந்தக் குளிரில்...

"சாப்பிடுங்கோ. சூடாக்கிச் சாப்பிடுங்கோ."

"அம்மாட்டைக் குடு."

"குளிக்கிறா."

நேற்று படுத்திருந்தா, இன்றைக்குக் குளிக்கிறா. கடவுளே, நான் என்ன செய்துகொண்டிருக்கிறன்?

ஜனவரி 16, வெள்ளி
மத்தியானம் வீதி திறந்தது. ட்ரக்கை எடுக்க முதல் சொல்லிவிட்டேன்.

"றோய் பக்கத்திலை நிக்கிறாரோ?"

"ஓம். ஏன்?"

சொன்னேன்.

"எப்ப?"

"புதன். காலமை."

"அப்ப நேற்று... நான் மீன் சாப்பிடேக்கை..."

"ஓம்."

போன் நின்றுவிட்டது. றோய்தான் இவருடைய ட்ரக்கை ஓட்டி, இவரைச் சூ சென்ற் மரி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். இரவு வீட்டுக்கு வந்தவர் என்னைத் தாண்டி மாமியின் அறைக்குள் போனார்.

ஜனவரி 18, ஞாயிறு
தகனம் முடிந்தது. எல்லாரோடும் கதைத்தார். என்னோடு காருக்குள் மட்டும்.

"நீ செய்ததுதான் சரியாம், சித்தப்பா சொல்லுறார்."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

கண்ணாடியில் பனியே இல்லை. துடைத்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 15, ஞாயிறு
வெள்ளிக்கிழமை அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. முப்பத்தொரு நாள் துடக்கும் கழிந்து இன்று எல்லாருக்கும் மச்சம் சமைத்தேன். இவர் பருப்போடு எழும்பிவிட்டார்.

உயிரோடு வந்தாரே. எனக்கு அது போதாதா? போதும் என்றுதான் எழுத நினைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்
இவர் சட்பரியில் நிற்கிறார். பின்னேரம் போன் எடுத்தார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி?"

"விட்டிட்டுது. நித்திரை."

பிறகு மெதுவாக, "காட்டு" என்றார்.

கமராவைப் போட்டு நிவேதிதாவின் பக்கம் திருப்பினேன்.

"கிட்டக் கொண்டு போ."

கிட்டக் கொண்டுபோனேன். அவள் மூச்சு விடுவது அவருக்குத் தெரியும்வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.