அப்பாவின் கையெழுத்துக்கு மேலே விட்ட இடம்

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே மூவரும் சுகம், நீயும் சுகம்தான் என்று நம்புகிறேன், போனில் எதைக் கேட்டாலும் நீ ம் மட்டும் கொட்டுவதால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் நல்ல செய்தி. அம்மாவின் மலப் பரிசோதனையில் ரத்தம் இருப்பதாக வந்ததிலிருந்து வீடு வீடாகவே இல்லை என்பது உனக்குத் தெரியும். போன வாரம் குடலுக்குள் கேமரா விட்டு முழுக்கப் பார்த்துவிட்டார்கள், ஒரு கட்டி இல்லை, ஒரு புண் இல்லை. உங்க குடல் என் குடலைவிட நல்லா இருக்கும்மா என்று டாக்டரே சிரித்தாராம். என்னுடைய சோதனைதான் அப்போதே சுத்தம் என்று வந்துவிட்டதே. கிளினிக் வேலையிலும் எனக்கு நல்ல பெயர். முன்பெல்லாம் டாக்டர் இந்தச் சோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார், ஆட்கள் அதை மடித்து வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர் இருமலுக்கு வந்தாலும் மலம் எடுத்துவரும் குழாயைக் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், திருப்பித் தராவிட்டால் நானே போன் போடுகிறேன். காலங்காத்தால இதையே பேசுறீங்களே அண்ணே, உங்களுக்குச் சோறு எறங்குதா என்று நர்ஸ் கேலி செய்கிறாள். செய்யட்டும். பெயர் ஒட்டாத ஒரு குழாயும் என் மேசையைத் தாண்டாது.

அண்ணா, இதுவரை அப்பா சொன்னது. கீழே ஆசீர்வாதமும் கையெழுத்தும் தானே எழுதிவிட்டு, நடுவுல உன் பள்ளிக்கூடக் கதை எதையாவது எழுதி ரொப்பு என்று சொல்லிப் படுத்துவிட்டார். நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு எல்லாம் சரி என்று சொன்ன பிறகும் இங்கே ரத்தம் இருக்கிறது அண்ணா. தண்ணீர் ஊற்றியும் போகாமல் கக்கூஸ் பீங்கானின் ஓரத்தில் ஒரு கோடு. நேற்றும் இருந்தது. எனக்கு இல்லை, அம்மாவுக்கும் இல்லை. அப்பாவிடம் கேட்டதற்கு, மூலம்டி, நாள் பூரா நாற்காலியில உக்காந்திருக்கேன்ல, அம்மாகிட்ட ஊதிடாதே, இப்பத்தான் அவ வாய்க்கு ருசியாச் சாப்பிடுறா என்றார். மூலம் என்று தட்டிக் கழிப்பவர்களிடம் போனில் அவர் எப்படிச் சண்டை பிடிப்பார் என்று உனக்கே தெரியும். சோதனைக்குக் கொடுத்த அன்று அவர்கள் இரண்டு பேருடைய குழாயும் பெயரில்லாமல் இந்த ஜன்னலில்தான் இருந்தன. பேரை ஒட்டி எடுத்துட்டுப் போங்க என்று அம்மா சொன்னாள். நம்ம வீட்டுக்குள்ள என்ன லேபிளு, இடது பக்கம் நீ, வலது பக்கம் நான், மறந்தா போயிடுவேன் என்று சொல்லி, இரண்டையும் ஒரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார். பெயரைக் கிளினிக்கில் போய்த்தான் ஒட்டினார். பைக்குள் ஏது இடது, ஏது வலது? குழாய் மாறிப்போயிருக்குமோ என்று அவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. விஷயம் வெளியே போனால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயம். அதைவிட, நான் சொன்னதும் அவர் வழக்கம்போலச் சிரிக்காமல் பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வேன்? அவர் சாப்பிடும்போதும் ஜோக் அடிக்கும்போதும் அவருக்குள்ளே யாரோ சத்தம் காட்டாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கிறது, அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. போனில் சொல்லலாமென்றால் ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்கிறோம். தபாலில் போடுவது நான்தான், அவர் திரும்பப் படிக்கமாட்டார். இது கிடைத்த அன்றே கூப்பிடு. அப்பாவும் கேமரா பரிசோதனை செய்துகொண்டே ஆக வேண்டும் என்று சொல், நீ சொன்னால் கேட்பார். இந்த ஒரு தடவை ம் கொட்டிவிட்டு வைத்துவிடாதே அண்ணா. கதவைத் தட்டுகிறார். அப்பாதான், மறுபடியும். சீக்கிரம் வாடி, வயித்தை என்னவோ பண்ணுது என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன்னோடு வேலை செய்பவர்களில் ஐம்பதைத் தாண்டியவர் இருந்தால் இந்தச் சோதனையைப் பற்றிச் சொல்லிவை, கூச்சப்படாதே. அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது, இனி இந்த வீட்டை நினைத்து நீ கவலைப்பட எதுவுமில்லை. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

உன் அப்பா