ஆராயி அடித்த ஆணி

பரமத்தி வேலூர்
18.3.1979

அன்பு மகள் வசந்தாமணிக்கு அப்பா எழுதுவது. காவிரித் தாய் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், பரோடா ரொட்டியைத் தின்று நீ இளைத்துவிட்டாயோ என்பதுதான் உன் அம்மாவின் ஒரே கவலை.

பழைய ஓட்டுக் கொட்டகையை இடித்துக் கட்டிய புது வெற்றிலைச் சந்தையைப் போன வார வெள்ளிக்கிழமை திறந்தாயிற்று. முன்வரிசையை வெளியூர் வியாபாரிகளுக்குக் கொடுத்துவிட்டு நம் பெண்களைப் பின்பக்கம் தள்ளப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு, எனக்கும் அந்தப் பயம்தான். லீவில் வந்தபோது நீ வரைந்த சந்தைக்காரப் பெண்களின் படங்களை நீ சொன்னபடியே அவரவர் உட்கார வேண்டிய இடத்துக்கு மேலே மாட்டினேன். இடித்த கொட்டகையின் கதவுப் பலகையில் லாரி பெயிண்டர் தீர்த்தகிரி எழுதிய பரிசல் படத்தை வாசலில் வைத்தோம். சந்தைப் பெண்களில் ஆராயி மட்டும்தான் தன்னை வரைய உன்னை விடவில்லையே, நான் என்ன செத்தா போயிட்டேன் செவுத்துல மாட்டறதுக்கு என்று துரத்தினாளே.

திறப்பு அன்று பார், வாட்ச்மேன் மாரியப்பன் பக்தி முற்றிப்போய் எல்லாப் படங்களுக்கும் குங்குமம் வைத்து மாலையும் போட்டுவிட்டான். உசுரோட இருக்கறவங்களுக்கு மாலயாடா என்று பெண்கள் போட்ட கூச்சலைக் கேட்டு, படங்களையெல்லாம் கழற்றச் சொல்லிவிடுவார்கள் என்றே நினைத்தேன். நம் கொடிக்கால் வெற்றிலைக் கூடையோடு வந்த உன் அம்மா, மால எனக்குத்தானுங்க போட்டிருக்குது நானே போட்டுக்கறேன் என்று தன் படத்து மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதன் அடியிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். கூச்சல் போட்ட ராமாயியே சிரித்துவிட்டாள், பிறகு எல்லோரும் அப்படியே செய்தார்கள். இடம் பிரித்துக் கொடுக்க வந்த சங்கச் செயலாளர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக இருப்பவர்களை எழுப்ப அவருக்கு வாய் வரவில்லை, அவங்கவங்க எடத்துலயே இருந்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டே திரிந்தேன் என்று உன் அம்மா கேலி செய்கிறாள், முறுக்கினால் என்ன.

படமில்லாத ஆராயிக்கும் இடம் கிடைத்துவிட்டது, ஆனாலும் நிம்மதியில்லை. தன் தலைக்கு மேலே தானே ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறாள், அதில் யாரையும் ஒரு பைகூட மாட்ட விடுவதில்லை. புள்ள எப்பங்க வருது என்று என்னைத் தினமும் கேட்கிறாள். மாலையும் அவளே கட்டிக்கொள்வாளாம்.

சனிக்கிழமை எண்ணெய் வைத்துக் குளி, ராத்திரி கண் விழித்துப் படம் எழுதாதே. சித்திரைக்கு வரும்போது வண்ணப் பெட்டியை மறந்துவிடாதே சாமி. அங்காளம்மன் துணையோடு நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பெண்ணைப் படம் எழுதப் படிக்க அனுப்பினானாம் என்று சிரித்த இதே சந்தையில் இப்போது என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

இப்படிக்கு,
வசந்தாமணி அப்பன்