வெள்ளிக்கிழமைச் சமையல் உங்கள் முறை, மச்சான்

என் ஆசைக்குரிய சோமு மச்சானுக்கு,

உங்கள் அமெரிக்காவுக்கு உடம்பு சரியில்லை. இதை உங்களிடம் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். நலமா என்று கேட்கிற இடத்தில் நீங்கள் இல்லை, அதனால் நேராகச் சண்டைக்கே வந்துவிட்டேன்.

நீங்கள் போன கொஞ்ச நாளில் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தொடங்கியது. ரூம் டிவியில் பார்த்தேன். எண்ண முடியாத கூட்டம், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேளம் அடித்தார்கள். ஒரு கை தப்பவில்லை. “இப்ப என்ன சொல்றீங்க மச்சான்?” என்று உங்கள் கட்டில் பக்கம் திரும்பிவிட்டேன். புதிதாக வந்த திருச்சிக்காரர் அதில் படுத்துப் போன் பேசிக்கொண்டிருந்தார். யாரைக் கேட்கிறேன் என்பதுபோல் பார்த்தார். நான் சத்தத்தைக் குறைத்தேன்.

அடுத்த மாதமே அமெரிக்காவில் மலைபோல் நின்ற பேங்குகள் படுத்துவிட்டன. எத்தனை வருஷமாக நான் காத்திருந்த செய்தி! அன்றைக்கு என் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி. சொல்லிக்காட்ட ஆள் இல்லாத வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மச்சான்?

படிக்கிற மற்றவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது, சொல்லிவிடுகிறேன். துபாய் சத்வாவில் பாத்ரூம் சாமான் கடையில் நாம் இருவரும் சேல்ஸ்மேன்கள். கடைக்குப் பின்தெருவில் ஒரே ரூம். நீங்கள் அமெரிக்கா கட்சி, நான் சைனா கட்சி. வாரம் முழுக்கச் செய்தி பார்ப்போம். யார் கட்சிக்கு அடி விழுந்ததோ அவர் வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி சமைக்க வேண்டும். மற்றவர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு உப்புக் காரம் குற்றம் சொல்லலாம். நடுவர் கிடையாது. அதனால் தீர்ப்பாகி அடுப்பு மூட்டவே மத்தியானம் ஆகிவிடும்.

ஜெபல் அலி துறைமுகக் குடோனுக்குச் சரக்கு இறக்கப் போன நாள் நினைவிருக்கிறதா? இத்தாலிக் குழாய் வந்த இடத்தில் முதல்முறையாக முழுக் கன்டெய்னரும் சைனாக் குழாய். பெட்டியைப் பிரித்து ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தேன். விலை பாதிகூட இல்லை. துறைமுகத்தில் தூரத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று நின்றது. நீங்கள் அதைக் காட்டினீர்கள்.

“சாமான் ஏத்திட்டு வர்றவன் வியாபாரி மாப்ள. அந்தக் கடலுக்கே காவல் நிக்கிறான் பாரு, அவன்தான் ராஜா.”

“அந்த ராஜாவுக்குப் படி அளக்கிறது யாருன்னு விசாரிச்சீங்களா? சைனாக்காரன்ட்ட கைமாத்து வாங்கித்தான் அந்தக் கப்பலே ஓடுது.”

“குழாயைச் செஞ்சவன் சைனாக்காரன். அது எப்படி இருக்கணும்னு யோசிச்சவன் எவன்? கை யாருதுன்னு பாக்காத மாப்ள, மூளை யாருதுன்னு பாரு.”

பக்கத்தில் சரக்கு இறக்கிய பெஷாவரி பாய், “ஜல்தி, ஜல்தி” என்று கத்திய பிறகுதான் இருவரும் வாயை மூடினோம்.

இப்படிப்பட்ட உங்களுக்கு லீவு கிடைத்தால் மட்டும் ஒரு தனி வேலை வரும். பெட்டி கட்டும் நாளில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு சாமானிலும் இருக்கிற ‘மேட் இன் சைனா’ ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுவீர்கள். ஊரில் எல்லாம் அமெரிக்கா சாமான் என்று சொல்லி வைத்திருந்தீர்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து சிரிப்பேன். “சிரிடா, சிரி. பூனை கண்ணை மூடினாலும் எலி செத்துத்தான் ஆகணும்” என்று ஏதோ பழமொழியைப் பாதியில் திருகி விடுவீர்கள்.

பிறகு அந்தக் காலை. கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் தலை என் மடியில்தான் இருந்தது. ஆடி மாதம் ஊருக்குப் போக வாங்கி வைத்த சாமானெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. உடம்பு ஒரு விமானத்தில் போனது. பெட்டியைக் கட்டும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கம்பளி, டார்ச், மிக்ஸி, உங்கள் மகள் தேவி படிக்க வாங்கிய டேபிள் லைட் என்று ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கரைத் தேடித் தேடிச் சுரண்டினேன். அழுதுகொண்டே சுரண்டினேன். சைனா கட்சிக்காரன் ஒருவன் இப்படி ஒரு வேலை பார்த்ததை நீங்கள் பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சமைக்கச் சொல்லியிருப்பீர்கள்.

இப்போது துபாய் நிலவரம். அமெரிக்கா பேங்குகள் விழுந்ததில் இங்கே கட்டிக்கொண்டிருந்த கட்டடமெல்லாம் பாதியில் நிற்கிறது. கிரேன்கள் அசையவில்லை. குழாய் வாங்க யார் வருவார்? முதலாளி போன வாரம் கூப்பிட்டார். சைனாவில் வாங்கி நேரே ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் போகிறாராம். அங்கே குவாங்சோவில் உட்கார்ந்து சரக்குப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். “சைனா போ, இல்லன்னா விசா கேன்சல். கலாஸ், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கழிச்சுச் சொல்லு” என்றார்.

வாய் கிழிய சைனா பேசியவனுக்குச் சைனாவே கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது, மச்சான். அங்கே தமிழ் பேச ஆள் இருக்குமா? இங்கேயே யார் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ரூமில் ஒரு வெள்ளிக்கிழமை வலிய வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். “யார் ஜெயிச்சா நமக்கென்னண்ணே, சம்பளம் வந்தாச் சரி” என்று திருச்சிக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். சண்டை போட ஒரு மனிதன் இல்லாமல் போவது இவ்வளவு பெரிய தனிமை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலாளி கெடு வைத்த அந்த வெள்ளிக்கிழமை காலையில் தேவி போன் செய்தாள்.

“மாமா, அப்பா வாங்குன லைட்டுக்கு அடியில சைனான்னு இருக்கு. பல்பு மாத்தத் திருப்புனேன், அப்பத்தான் பாத்தேன். அமெரிக்கா லைட்டு வாங்கியிருக்கேன்னுதானே போன்ல சொன்னாரு? எல்லாமே இப்படித்தானா மாமா? எங்கப்பா எங்ககிட்டப் பொய் சொல்லிட்டே இருந்தாரா?”

அது ஸ்டிக்கர் இல்லை, மச்சான். பிளாஸ்டிக்கிலேயே வார்த்துவிட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் சைனாக்காரர்கள் எதையும் சுரண்ட விடுவதில்லை. என் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

உங்களை மடக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. போனில் அந்தப் பிள்ளையின் மூச்சு கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

“பொய் இல்லடா தங்கம். செஞ்சவன் சைனாக்காரன். அது எப்படி இருக்கணும்னு யோசிச்சவன் அமெரிக்காக்காரன். கை யாருதுன்னு பாக்காத, மூளை யாருதுன்னு பாரு. அப்பா சொன்னது சரிதான்.”

லைட்டை அவள் நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி மாமா” என்றாள். அந்தக் குரலில் உங்கள் மேல் இருந்த கோபம் போயிருந்தது. லைட்டைப் போட்டுப் படிக்கப் போவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

என் கட்சிக்கு அன்று என் வாயாலேயே அடி. வழக்கம் வழக்கம்தான். சட்டையை மாட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். நீங்கள் கேட்கிற மாதிரி மிளகு தூக்கலாகப் போட்டுச் சமைத்தேன். குற்றம் சொல்ல ஆள் இல்லாததால் உப்புச் சரியாக இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் முதலாளியிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். குவாங்சோவில் சைனாவுக்காகப் பேச ஊரே இருக்கிறது, நான் தேவையில்லை. உங்கள் கட்சிக்குத்தான் அங்கே ஆள் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அமெரிக்கா பக்கம் நான் பேசுவேன். தோற்றால் நானே சமைத்துக்கொள்வேன்.

ஆனால் பேங்குகள் விழுந்த அந்த வாரத்துச் சமையல் உங்கள் முறை. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சமைக்கக்கூட வேண்டாம் மச்சான், ஒருமுறை வந்து இல்லையென்று சண்டை போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் எதிர்க்கட்சி மைத்துனன்,
தேவிக்குத் தாய்மாமன்,
பாண்டி